கபடிக் கோட்டில் முளைத்த புல்

அண்ணா,

போன செவ்வாய்க்கிழமை காலையில், தாராபுரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே சாலையோரம் முழுக்க வெள்ளைப் பொடி தூவிக்கொண்டிருந்தார்கள். யாரோ பெரிய மனிதர் வருகிறாராம். தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டப்பாவில் அள்ளி அள்ளிக் கோணாமல் கோடு போட்டபடி வந்தார். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அவரிடம் போனேன்.

"என்ன பொடிங்க அது?"

"பிளீச்சிங்தானுங்க. பின்ன சக்கரையைவா கொண்டாந்து கொட்டுவாங்க?"

சாக்கின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றும் எழுதவில்லை. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கறுப்பு மார்க்கர் இருக்கும். அதை எடுத்து 'பிளீச்சிங் பவுடர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காலங்காத்தாலயே இப்படியா என்பதுபோல் நகர்ந்து போனார். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். நான் ஏன் இப்படி ஆனேன் என்பது உலகத்தில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிவிட்டதே, இனி யாருக்குமே தெரியாது என்றும் நினைத்தேன். இரண்டும் தப்பு என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் சண்டையில்தான் ஆரம்பித்தோம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. திருப்பூர் தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. தாராபுரம் சாலையில் நம் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு வேளாண் தொழிற்கல்விப் பிரிவு என்று ஒன்று இருந்தது. பிள்ளைகள் அதை 'அக்ரி குரூப்' என்பார்கள். அதற்குப் பகுதிநேர ஆசிரியராக நான் வந்து சேர்ந்தேன். வந்த முதல் வாரமே செய்முறை வகுப்புக்கு நிலம் வேண்டும் என்று கேட்டேன். தலைமையாசிரியை உங்கள் மைதானத்தின் கிழக்குப் பக்கத்தைக் கயிறு கட்டிப் பிரித்துக் கொடுத்துவிட்டார். உடற்கல்வி ஆசிரியரான உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றீர்கள். "ஏனுங் தம்பி, என்ற கோகோ கோர்ட்டுல வெண்டைக்காய் போடப்போறீங்களாமா?" என்றீர்கள். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. முகத்தில்தான் அது இல்லை. "வெண்டை இல்லீங்க, மக்காச்சோளம்" என்று சொன்னேன். "அப்பச் சரி, காக்காய்க்காச்சும் ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அதிலிருந்து தினமும் ஏதாவது ஒன்று. உங்கள் பந்து என் பாத்திக்குள் விழும். பந்தை எடுக்க வருகிற பத்துக் கால்கள் கத்தரி நாற்றை மிதித்துவிட்டுப் போகும். நான் வாய்க்காலைத் திறந்துவிட்டால் தண்ணீர் கபடிக் களத்துக்குள் போய்ச் சேறாகும். எருக்குழி வாடையில் பிள்ளைகளுக்கு மூச்சுப் பிடிக்க முடியவில்லை என்று நீங்களும், விசில் சத்தத்தில் பாடம் நடத்த முடியவில்லை என்று நானும் தலைமையாசிரியையிடம் மாற்றி மாற்றிப் போய் நிற்போம். இத்தனைக்கும் நம் இருவருக்கும் சாமான் அறை ஒன்றுதான். கட்டடத்துக்குப் பின்னால் ஓடு வேய்ந்த சின்ன அறை. இடது பக்கம் உங்கள் ஈட்டி, குண்டு, வலை, சுண்ணாம்புச் சாக்கு. வலது பக்கம் என் மண்வெட்டி, விதை, உரம். நடுவில் கோடு போடாத குறைதான்.

என் பிரிவில் பதினொரு பேர் இருந்தார்கள். அறிவியலும் கணக்கும் கிடைக்காதவர்கள்தான் பெரும்பாலும். காலையில் பள்ளி வாசலுக்கு எதிரே பனியன் கம்பெனி வேன் வந்து நிற்கும். போன வருடம் நம் பள்ளியில் படித்த பிள்ளைகள் சாப்பாட்டுப் பையோடு அதில் ஏறி நல்லூர்ப் பக்கம் வேலைக்குப் போவார்கள். வகுப்பில் யாராவது இரண்டு நாள் வரவில்லை என்றால் நான் வேன் ஜன்னலைத்தான் பார்ப்பேன். ஜெபசீலியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா கம்பெனியில் செக்கிங் வேலை. உங்களுடைய பெண்கள் கபடி அணியில் பிடி போடுகிற பெண், என் வகுப்பில் முதல் பெஞ்சு. அவளை வைத்து ஒரு நாளும் நாம் சண்டை போட்டதில்லை.

அந்த வருடம்தான் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "இந்த இன்ஸ்பெக்‌ஷன்ல ஃபீல்டுல ஏதாச்சும் உருப்படியாக் காட்டோணும் சார். இல்லீன்னா இந்த வருஷத்தோட குரூப்பை மூடச் சொல்லிருவாங்க." நடுவில் மூடினால் பதினொரு பேரையும் வேறு பிரிவில் சேர்க்க இடமில்லை. ஜெபசீலியின் அம்மா என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்: "பள்ளியோடம் இல்லன்னா நாளைக்கே எங்க டேபிளுக்கு வரச் சொல்லிட்டாவ சார். நா என்ன செய்ய?" எனக்கும் அந்த வேலை போய்விடும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

இனி சாக்கு விஷயம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். என்னிடம் குடை இல்லை. கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் வருகிற நேரம். சாமான் அறையில் அரை மூட்டை யூரியா இருந்தது. அரசாங்கத்திலிருந்து செய்முறைக்கு என்று வந்தது. நல்ல கெட்டிப் பிளாஸ்டிக் சாக்கு. நம் பக்கத்து ஆள் மழையில் அப்படி ஒரு சாக்கைப் பார்த்தால் சும்மா விடுவானா? யூரியாவைப் பக்கத்தில் கிடந்த உங்கள் காலிச் சுண்ணாம்புச் சாக்கில் கொட்டினேன். பிளாஸ்டிக் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துக் கொங்காடையாக மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சுண்ணாம்புச் சாக்கின் மேல் 'யூரியா' என்று எழுத வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. கையில் பேனா இல்லை. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வராண்டாவில் நின்றிருந்த நீங்கள் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "கொங்காடையும் ஆளும்! இப்பத்தானுங்க தம்பி நீங்க அசல் தோட்டங்காட்டுப் பண்ணாடி மாதிரி இருக்கறீங்க!"

அந்த 'நாளைக்கு' மூன்று வாரமாக வரவில்லை. தினமும் அறைக்குள் போவேன், வருவேன். சாக்கு மூலையில் கிடக்கும். எனக்குத்தான் தெரியுமே என்கிற நினைப்பு.

விளையாட்டு விழா வந்தது. நான் அன்றைக்குத் தங்கையின் வளைகாப்புக்காக உடுமலைப்பேட்டை போயிருந்தேன். நடந்ததைப் பிறகு பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். கோடு போட நீங்கள் சுண்ணாம்பு எடுத்து வரச் சொல்லியிருக்கிறீர்கள். சாக்கில் பழைய சுண்ணாம்புத் தூளும் என் யூரியாவும் ஈரத்தில் கலந்து கட்டி தட்டிப் போயிருக்கிறது. கல்லில் வைத்துத் தட்டிப் பொடியாக்கிக் கபடிக் களத்துக்குத் தாராளமாகக் கோடு போட்டிருக்கிறார்கள். ஆட்டம் நடக்கும்போது ஒருவன், "சார், ஒரு மாதிரி மூத்திர வாடை அடிக்குதுங்க சார்" என்று சொல்லியிருக்கிறான். "செவுத்தோரமாப் போனா வேற என்னடா அடிக்கும்? ஆடுடா" என்று விரட்டியிருக்கிறீர்கள். எக்ஸ்போர்ட்டில் கழித்த டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு எல்லாரும் அந்தக் கோட்டில்தான் விழுந்து புரண்டிருக்கிறார்கள்.

கண்டுபிடித்தது ஜெபசீலி. பெண்கள் ஆட்டத்தில் வியர்வைக் கையைக் கோட்டில் ஊன்றியவளுக்கு உள்ளங்கை சில்லென்றிருக்கிறது. ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்துக் கையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறாள். யூரியா கரையும்போது குளிரும் என்று உரங்களைக் கண்டறியும் செய்முறை வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்ததுதான். "பி.டி. சார், இது சுண்ணாம்பு இல்ல சார். யூரியால்லா!" என்று அவள் கத்தியது மேடையில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியைக்கும் கேட்டுவிட்டது.

மறுநாள் இருவரையும் அறைக்கு அழைத்தார். மேசை மேல் காலிச் சாக்கு கிடந்தது. அந்த வருடம் கூட்டுறவு சொசைட்டியில் யூரியாவுக்கு விவசாயிகள் வரிசை கட்டி நின்று வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். என் அப்பாவின் காட்டுக்கே கிடைக்கவில்லை. என் மக்காச்சோளத்துக்கு மேலுரம் போட வேண்டிய பருவம் அது. அரை மூட்டையும் மைதானத்தில் கிடந்தது. "சுண்ணாம்புச் சாக்குக்குள்ள யூரியா எப்படிங்க வந்துச்சு? ரெண்டு பேர்ல யாரு தப்பு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன் அண்ணா. அதற்குள் நீங்கள் பேசிவிட்டீர்கள்.

"நான்தானுங்க. எடம் பத்தலைன்னு நான்தான் அதுல கொட்டி வெச்சேன். அப்பறம் நானே மறந்துட்டு எடுத்துக் குடுத்துட்டேன். அக்ரி சாருக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் கொங்காடை போட்டுக்கொண்டு போனதைப் பார்த்தவர் நீங்கள். அந்தக் கொங்காடை எந்தச் சாக்கு என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் பகுதிநேர ஆள், ஒரு கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இன்ஸ்பெக்‌ஷன் நேரத்தில் ஆசிரியரே இல்லை என்றால் பிரிவு அன்றைக்கே முடிந்தது. இதையெல்லாம் நீங்கள் கணக்குப் போட்டீர்களா, இல்லை வாயில் வந்ததைச் சொன்னீர்களா, எனக்குத் தெரியாது. திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். அந்த அறையை விட்டு வெளியே வந்தும் திறக்கவில்லை.

உங்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. அந்த வருடம் மாவட்டக் கபடி அணியோடு மேலாளராகப் போக உங்கள் பெயரை அனுப்புவதாக இருந்தார்கள். எத்தனையோ வருடமாக நீங்கள் ஆசைப்பட்டது. மெமோ வாங்கியவர் பெயரை எப்படி அனுப்புவது என்று வேறொருவரை அனுப்பினார்கள். ஆசிரியர் அறையில் யாரோ துக்கம் விசாரித்தபோது, "அட நீங்க ஒண்ணு! அவ்வளவு தூரம் பஸ்ஸுல போனா எனக்கு வாந்தி வருமுங்க" என்று சொல்லி டீயைக் குடித்தீர்கள். உங்களுக்கு எந்த பஸ்ஸிலும் வாந்தி வந்ததில்லை. பக்கத்தில் நானும் டீ குடித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த டீயை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் கார்த்திகை மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. அடுத்த வாரம் பார்த்தால், வெளிறிய மைதானத்தின் நடுவே கபடிக் களம் தானாகவே பச்சையாக எழும்பியிருந்தது. கோட்டின் நடுவில் யூரியா கனமாக விழுந்த இடம் கருகிப் போயிருந்தது. இரண்டு ஓரத்திலும், மழை கரைத்துக் கொண்டுபோன இடத்தில், புல் கணுக்கால் உயரம். நடுக்கோடு, எல்லைக்கோடு, எல்லாமே அளவெடுத்தது போல் புல். பள்ளிக்கூடமே வேடிக்கை பார்த்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் என் மக்காச்சோளம் மேலுரம் இல்லாமல் மஞ்சளடித்து நின்றது.

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால அந்தப் புல்லைக் கொத்தி எடுத்துருங்க, மானம் போவுது" என்று தலைமையாசிரியை உங்களிடம் சொன்னார். "சரீங்க" என்றீர்கள். கொத்தவில்லை. பயிற்சியை மேற்கு ஓரம் கல்லும் முள்ளுமாகக் கிடந்த இடத்துக்கு மாற்றிக்கொண்டீர்கள். பிள்ளைகள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து என்னிடம் முறையிட்டார்கள். புல்லுக்குள் ஒரு கால் வைக்க நீங்கள் யாரையும் விடவில்லை. என் மீது இருந்த கோபத்தில், என் முட்டாள்தனத்தை ஊருக்குக் காட்டத்தான் விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று நான் நினைத்தேன். இவ்வளவு ஆன பிறகும் என் புத்தி அப்படித்தான் போனது.

ஆய்வு அதிகாரி வந்தார். மக்காச்சோளத்தைப் பார்த்தார். ஒரு இலையைக் கிள்ளி, திருப்பிப் பார்த்து, பையில் இருந்து கோப்பை எடுத்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. பதினொரு பேரும் சீருடையில் வரிசையாக நின்றார்கள். பேனாவைத் திறந்தவர் எதற்கோ நிமிர்ந்தார், மைதானம் கண்ணில் பட்டது.

"அதென்னது, புல்லுல கபடிக் கோர்ட்டு?"

ஜெபசீலி வரிசையிலிருந்து ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"சார், அது யூரியா சார். சுண்ணாம்புன்னு நெனச்சுக் கோடு போட்டுட்டாவ. நடுவுல பாருங்க, நெறைய விழுந்த எடம் கருகிப் போயிட்டு. ஓரத்துல மழையில கரைஞ்சு அளவாப் போன எடம் மட்டும் நல்லா வளந்துருக்கு. ஒண்ணுமே விழாத எடம் அந்தா வெளிறிக் கெடக்கு. ஒரே மண்ணு, ஒரே மழை சார். இந்த மக்காச்சோளத்துக்குப் போட வேண்டியது அங்கன போயிட்டு, அதான் இது மஞ்சளா நிக்கி."

அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லுக்குள் இறங்கினார். கருகிய இடத்தில் ஒரு கை மண், ஓரத்தில் ஒரு கை புல், வெளியே ஒரு கை மண் என்று அள்ளிப் பார்த்தார். ஏக்கருக்கு எவ்வளவு போடலாம், எத்தனை தடவையாகப் பிரித்துப் போடலாம், ஏன் ஒரே தடவையில் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டே போனார். பதினொரு பேரும் மாறி மாறிப் பதில் சொன்னார்கள். கடைசி பெஞ்சுப் பையன்கூட, "வேரு வெந்து போயிரும் சார்" என்று சொன்னான். அவர் சிரித்துவிட்டார். "பெரிய பண்ணைங்கள்லகூட இவ்வளவு தெளிவா நான் பார்த்ததில்லைங்க. இந்தக் குரூப் இருக்கட்டும்" என்று தலைமையாசிரியையிடம் சொல்லி, அங்கேயே நின்று எழுதினார்.

நீங்கள் மேற்கு ஓரத்தில், கல்லுக்கு நடுவே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள். அவர் வண்டி வாசலைத் தாண்டியதும் ஒரு விசில் ஊதினீர்கள். "இப்பக் கொத்துங்கடா!" என்றீர்கள். எதற்காக விட்டு வைத்திருந்தீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்காவது உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் சாமான் அறையில் இருவரும் தனியாகத்தான் இருந்தோம். "அண்ணா" என்று ஆரம்பித்தேன். அதுவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் உங்கள் மேசையிலிருந்து ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்து என் சட்டைப் பையில் சொருகினீர்கள். "பேரு எழுதி வெச்சாத் தீருதுங்க தம்பி" என்றீர்கள். அதற்கு மேல் பேச விடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. விட்டது நிம்மதி என்று போய்விட்டேன்.

அந்தப் பிரிவு அதற்கப்புறமும் பல வருடம் நடந்தது. நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். நான் வேறு பள்ளிக்கு மாறினேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உங்கள் ஊருக்கு வருவேன். அக்கா என்று நான் கூப்பிடும் உங்கள் மனைவி காபி கொடுப்பார். மழை, விலை, கபடி, எல்லாம் பேசுவோம். அந்தச் சாக்கை மட்டும் தொட மாட்டோம். மார்க்கர் தீரத் தீர வேறு வாங்கிக்கொண்டேன்.

இந்த ஞாயிறு, பழைய மாணவர்கள் நம் மைதானத்தில் உங்களுக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். நாற்காலி போட்டு, உங்கள் படத்துக்கு மாலை போட்டு, முன்வரிசையில் அக்காவை உட்கார வைத்திருந்தார்கள். ஜெபசீலி வந்திருந்தாள். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அவள் இப்போது அக்ரி டீச்சர். அவள் அம்மாவும் பக்கத்தில் இருந்தார். ஜெபசீலி மைக்கைப் பிடித்துக் கபடிக் கோட்டுக் கதையை ஆரம்பித்தாள். "நம்ம பி.டி. சாருக்கு யூரியாவுக்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாமப் போனதாலதான் நான் இன்னைக்கு டீச்சரா நிக்கேன்" என்றாள். கூட்டமே சிரித்தது. அன்பாகத்தான் சிரித்தார்கள். ஆனாலும் உங்கள் படத்தை வைத்துக்கொண்டு, நீங்கள் செய்யாத தப்புக்கு, இருநூறு பேர் சிரித்ததை என்னால் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை.

எழுந்து போய் மைக்கை வாங்கினேன். மழை, கொங்காடை, சாக்கு, எழுதாமல் விட்டது, திறந்த வாயை மூடிக்கொண்டது, டீ குடித்தது, ஒன்றையும் விடாமல் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஜெபசீலி வாயைப் பொத்திக்கொண்டாள். கீழே இறங்கி அக்காவின் முன்னால் போய் நின்றேன். அவர்தான் பேசினார்.

"எனக்குத் தெரியுமுங்க தம்பி. அன்னைக்கு ஊட்டுக்கு வந்ததுமே சொல்லிப்போட்டாருங்க. 'அந்தத் தம்பி என்னைக்காச்சும் தானே வந்து சொல்லும். அப்ப நீ ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்கோ, பாவம் சங்கடப்படும்' அப்படீன்னாருங்க. ஒவ்வொரு தீவாளிக்கும் நீங்க வந்துட்டுப் போனா, 'இந்த வருசமும் சொல்லலை'ன்னு சிரிப்பாருங்க. இப்ப பாருங்க, நான் தெரியாத மாதிரி இருக்காம வாய உட்டுட்டேன்."

எல்லாரும் போன பிறகும் நான் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். கிழக்குப் பக்கத்தில் இப்போது கட்டடம் வந்துவிட்டது. கபடிக் களம் அதே இடத்தில்தான் இருக்கிறது. புதிதாகக் கோடு போட்டிருந்தார்கள். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் கரைத்துப் பார்த்தேன். குளிரவில்லை. சுண்ணாம்புதான்.

இருநூறு பேருக்கும் அக்காவுக்கும் சொல்லியாகிவிட்டது. வருடத்துக்கு இரண்டு தடவை எதிரே உட்கார்ந்து காபி குடித்த உங்களுக்குத்தான் சொல்லவில்லை. நீங்கள் அத்தனை தீபாவளி காத்திருந்தது தெரிந்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது இன்னும் கனமாக இருக்கிறது. காலம் தாழ்ந்துதான் சொல்கிறேன்.

அந்தச் சாக்குல யூரியாவைக் கொட்டுனது நான்தானுங்கண்ணா.